முதல் வேட்டை வில்: புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வில்லெடுத்து வேட்டைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். வரிசை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். பத்து முறை பொறுமையாகச் சொன்ன பதிலைப் பதினோராவது ஆளுக்கு அவசரத்தில் அரைகுறையாகச் சொல்லிவிடக் கூடாது என்று அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் எல்லாம் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

வில் வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் இடங்களில், உரிய உரிமத்தோடு போகிறவர்களுக்காக எழுதியது இது. சட்டம் இடம் தராத இடத்தில் வில் இலக்குப் பலகைக்கு மட்டும்தான். அதற்கும் இதில் பெரும்பகுதி உதவும்.

வில்லைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. என்னென்ன வகை இருக்கிறது, எதில் ஆரம்பிக்கலாம்?

வேட்டைக்குப் பயன்படும் வில்கள் நான்கு வகை. நீள்வில் என்பது ஒரே வளைவாக, ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கும் பழைய வடிவம். ரிகர்வ் வில்லின் இரு நுனிகளும் எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும், அதனால் நீளம் குறைந்தாலும் விசை குறையாது. காம்பவுண்ட் வில்லின் நுனிகளில் கேம் எனப்படும் சக்கரங்கள் உண்டு, இழுக்கும் பாரத்தை அவை பாதி வழியில் வாங்கிக்கொள்ளும். நான்காவது குறுக்குவில். துப்பாக்கிபோல் தோளில் வைத்து விசையை அழுத்தி எய்வது. அதைத் தேர்ந்தெடுக்கும் முறையே வேறு என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

முதல் வில்லே வேட்டைக்கானது என்றால் என் பதில் காம்பவுண்ட். ஹாலஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1966-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு, 1969-ல் பெற்றார். வேட்டைக்காரர்களிடம் இது வேகமாகப் பரவியதற்குக் காரணம் எளிது. மற்ற வில்களில் ஆண்டுக்கணக்கில் பழகிப் பெறவேண்டிய துல்லியத்தை இதில் சில மாத ஒழுங்கான பயிற்சியில் எட்டிவிடலாம்.

காம்பவுண்டில் ஆரம்பிப்பது குறுக்குவழி இல்லையா? உண்மையான வில்லாளி ரிகர்வ்தானே எடுப்பான்?

ரிகர்வின் மேல் எனக்கும் மிகுந்த மரியாதை உண்டு. குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாமல், கையும் கண்ணும் ஒன்றாகி அம்பு போய்ச் சேர்வதைப் போன்ற மகிழ்ச்சி வேறில்லை. ஆனால் வேட்டையில் அம்பின் மறுமுனையில் நிற்பது உயிருள்ள விலங்கு. நம் கற்றலின் விலையை அது வலியாகக் கொடுக்கக் கூடாது. அதனால் எந்த வில்லில் சீக்கிரம் பிசகாமல் எய்ய முடியுமோ அதையே முதலில் எடுக்கச் சொல்கிறேன்.

மனம் ரிகர்வில்தான் இருக்கிறது என்றால் லிம்புகளை, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் இரு கைகளை, கழற்றி மாட்டக்கூடிய வகையை வாங்குங்கள். முதலில் இழுக்க 25, 30 பவுண்டு பாரம் இருக்கும் லிம்புகளில் பழகிவிட்டு, உடம்பு ஏற்றுக்கொண்ட பின் அதே நடுத்தண்டில் 40, 45 பவுண்டு லிம்புகளை மாட்டலாம். அந்த இடைவெளி குறைந்தது ஓராண்டாவது இருக்கும் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் 45-ல் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தோள்வலியோடு வில்லை மூலையில் வைத்துவிட்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

'லெட்-ஆஃப் 80 சதவீதம்' என்கிறார்களே, அப்படியென்றால்?

60 பவுண்டு வில்லை இழுக்கும்போது நடுவழியில் அந்த 60 பவுண்டும் கையில் தெரியும். அதைத் தாண்டியதும் கேம் சுழன்று பாரத்தைத் தளர்த்தும். 80 சதவீதம் தளர்ந்தால் முழு இழுப்பில் நீங்கள் பிடித்திருப்பது 12 பவுண்டுதான். ரிகர்வில் இந்தத் தளர்ச்சி கிடையாது, இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும்.

மான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டது, அது இரண்டு அடி முன்னே வரும்வரை இழுத்த நாணோடு காத்திருக்க வேண்டும் என்ற நிலை வரும்போது இந்தத் தளர்ச்சியின் அருமை புரியும். ஆனால் முதலில் அந்த 60 பவுண்டைத் தாண்டியே ஆகவேண்டும். இதை மறந்து, "பிடிப்பதற்கு 12 தானே" என்று கனமான வில்லை வாங்கிவிடுகிறவர்கள் பலர்.

இழுநீளம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? உயரத்தை வைத்தா?

நாணை முழுக்க இழுத்து நிற்கும்போது கைப்பிடிப் பக்கத்திலிருந்து நாண்வரை உள்ள தூரம்தான் இழுநீளம். உயரத்தைவிடக் கைவீச்சு அதைச் சரியாகச் சொல்லும். சுவரில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் தோள் மட்டத்தில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அங்குலத்தில் அளக்கச் சொல்லுங்கள். கையை இழுத்து நீட்ட வேண்டாம், இயல்பாக இருக்கட்டும். வரும் எண்ணை 2.5-ஆல் வகுத்தால் இழுநீளம். 70 அங்குலம் வந்தால் 28.

இது தொடக்கப் புள்ளிதான். முகவாட்டமும் நிற்கும் விதமும் சேர்ந்து அரை அங்குலம் முன்பின் ஆகும். முழு இழுப்பில் உங்களைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நாண் மூக்கு நுனியை லேசாகத் தொட்டு, வாயோரத்தை ஒட்டிப் போகவேண்டும். தலை முன்னால் நீண்டிருந்தால் இழுநீளம் உங்களுக்குக் குறைவு. உடம்பு பின்னால் சாய்ந்து, வில் பிடித்த கை விறைத்து, நாண் கன்னத்தைத் தாண்டிக் காதுப்பக்கம் போனால் அதிகம்.

புதியவர்களிடம் நான் காணும் தவறு பெரும்பாலும் அதிகம் வைத்துக்கொள்வதே. நீளம் கூடினால் வேகம் கூடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தக் கூடுதல் அங்குலம் முன்கையில் நாண் அடித்த நீலத் தழும்பாகத்தான் முடிகிறது. சந்தேகம் வந்தால் அரை அங்குலம் குறைத்தே வையுங்கள்.

ரிகர்வில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வில்லில் பொறித்திருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. உங்கள் இழுப்பு 26 என்றால் ஓர் அங்குலத்துக்கு இரண்டு, இரண்டரைப் பவுண்டு வீதம் குறையும். 45 என்று எழுதிய வில் உங்கள் கையில் 40 தான்.

எத்தனை பவுண்டு வாங்கட்டும்? நண்பர்கள் எல்லாரும் 70 வைத்திருக்கிறார்கள்.

நண்பர்களின் வில்லை நண்பர்கள் இழுக்கட்டும். உங்களுக்கான எண்ணை ஒரு நாற்காலி சொல்லிவிடும். அதில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, வில்லை இலக்குக்கு நேராக நீட்டியபடி மெதுவாக இழுங்கள். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கவோ, உடம்பை முறுக்கவோ வேண்டியிருந்தால் பாரம் அதிகம். இழுத்தபின் 30 வினாடி நடுங்காமல் பிடித்து, எய்யாமல் நாணை மெதுவாகத் திரும்ப விடவும் முடியவேண்டும். இதில் தேறுகிற எண்ணே உங்கள் எண்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், வேட்டையில் நாண் இழுக்கும் நேரம் பயிற்சியில் இருப்பதுபோல் இருக்காது. இரண்டு மணி நேரம் அசையாமல் குளிரில் உட்கார்ந்திருப்பீர்கள். தசை இறுகியிருக்கும், மேலே கனத்த உடை. இருபது கஜத்தில் நிற்கும் மானுக்கு வில்லை மேலே தூக்கும் ஒரே அசைவு போதும், ஓடிவிடும். பயிற்சியில் 65-ஐச் சிரமப்பட்டு இழுக்கிறவர் அங்கே இழுக்கவே முடியாமல் போனதைக் கேட்டிருக்கிறேன்.

இன்றைய காம்பவுண்ட் வில்கள் பலவற்றில் லிம்ப் திருகாணியைத் தளர்த்தி உச்சப் பாரத்திலிருந்து சுமார் 10 பவுண்டு வரை இறக்கலாம். தொடக்கக்காரர்களுக்கென்றே வரும் சில வில்களில் இன்னும் அகலமான எல்லை உண்டு. 60 பவுண்டு வில்லை வாங்கி 50-ல் வைத்துத் தொடங்குவது பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும். மான் போன்ற விலங்குகளுக்கு இத்தனை பவுண்டுக்குக் குறையக் கூடாது என்று சட்டமே சொல்லும் இடங்கள் உண்டு, பெரும்பாலும் 35, 40 என்று இருக்கும். வாங்குமுன் நீங்கள் வேட்டையாடும் இடத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.

45, 50 பவுண்டு மானைத் துளைக்குமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

துளைக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். அம்பின் எடையை கிரெய்ன் என்ற சிறு எடை அளவில் எடுத்து, வினாடிக்கு எத்தனை அடி வேகம் என்பதன் வர்க்கத்தால் பெருக்கி, 450240-ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் வரும். 400 கிரெய்ன் அம்பு வினாடிக்கு 225 அடி வேகத்தில் போனால் சுமார் 45. மான் அளவு விலங்குக்கு 25 முதல் 41 வரை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல்.

அம்பு துப்பாக்கிக் குண்டுபோல் அதிர்ச்சியால் கொல்வதில்லை. கூர்மையான அலகு நுரையீரலையும் இதயத்தையும் வெட்டி, இரத்தம் இழக்கச் செய்து கொல்கிறது. அதனால் கூர் மழுங்காத அலகும், விலா எலும்புக்குள் சரியான இடத்தில் படுவதும் பத்து பவுண்டு கூடுதல் விசையைவிட முக்கியம்.

நான் வலது கைக்காரன். ஆனால் எனக்கு இடது கண்தான் ஓங்கியது என்கிறார்கள். எந்தக் கை வில் வாங்குவது?

முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இரு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு முக்கோண இடைவெளி வைத்து, கையை நீட்டி, இரு கண்களும் திறந்தபடி தூரத்தில் ஒரு பொருளை அதற்குள் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளியிலேயே நிற்கிறதோ அதுதான் ஓங்கிய கண்.

இதுவரை வில்லே தொட்டதில்லை என்றால் கண்ணைப் பின்பற்றுங்கள், இடதுகை வில் வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும். வலதுகையில் ஏற்கெனவே நன்றாகப் பழகியவர் இடது கண்ணை மூடி எய்யலாம். அதுவும் நடக்கும், ஆனால் மங்கிய வெளிச்சத்தில் ஒரு கண் குறைவது தெரியும்.

வில்லின் விவரத்தில் வினாடிக்கு 340 அடி என்று போட்டிருக்கிறது. வேகமான வில்தானே நல்ல வில்?

அந்த எண் பொதுவாக 70 பவுண்டு, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் அம்பு என்ற கணக்கில் எடுத்தது. உங்கள் இழுநீளம் 28, பாரம் 55, அம்பு 420 கிரெய்ன் என்றால் அதே வில் 260-ஐ ஒட்டித்தான் எய்யும். அது போதுமான வேகம்.

வேகம் இருந்தால் மானுக்கு விலக நேரமிருக்காது என்று சொல்வார்கள். 30 கஜம் என்பது 90 அடி. 260 அடி வேக அம்பு அதைக் கடக்க 0.35 வினாடி ஆகும், 300 அடி வேக அம்புக்கு 0.30. நாணின் சத்தமோ வினாடிக்குச் சுமார் 1100 அடி வேகத்தில் 0.08 வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். எந்த வில்லானாலும் சத்தம்தான் முந்தும். மிரண்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். அந்த 0.05 வினாடிக்காக முரட்டுக் கேம் உள்ள வில்லோடு மல்லுக்கட்டுவதைவிட, சத்தம் குறைந்த வில்லும் கனமான அம்பும் நல்லது. கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகம் உள்வாங்கும், அதிர்வாகவும் ஓசையாகவும் வீணாவது குறையும்.

நீளம் குறைந்த வில் நல்லதா, அதிகமானது நல்லதா?

மரத்தின் மேல் அமர்ந்தோ சிறு கூடாரத்துக்குள் இருந்தோ வேட்டையாடுகிறவருக்குக் குட்டை வில் வசதி. ஆனால் மிகவும் குட்டையானது கைப்பிழையைப் பெரிதாக்கிக் காட்டும். ஒரு கேமின் அச்சிலிருந்து மறு கேமின் அச்சுக்கு 30 முதல் 33 அங்குலம் புதியவருக்கு நல்ல நடு அளவு. நாணை இழுக்காதபோது கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். 7 அங்குலத்தை ஒட்டி இருந்தால் வில் மென்மையாகப் பழகும். 6-க்கு இறங்கினால் வேகம் வரும், பிழை பொறுக்காது.

வில்லைத் தவிர வேறு என்னென்ன தேவை? எல்லாம் பொருத்தியே தருகிறார்களே, அதை வாங்கலாமா?

வாங்கலாம். குறிபார்க்கும் சைட், அம்பு உட்காரும் ரெஸ்ட், நாணில் கண் வைத்துப் பார்க்கும் பீப், அம்புக்கூடு, அதிர்வைத் தாங்கும் தண்டு ஆகியவை அதில் இருக்கும். ரெஸ்டில் அம்பைச் சுற்றிலும் தூரிகை மயிர்போல் பிடித்துக்கொள்ளும் வகை புதியவருக்கு ஏற்றது. வில்லைச் சாய்த்தாலும் அம்பு விழாது. நாணை விடுவிக்கும் ரிலீஸ் கருவி பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஆள்காட்டி விரலால் இயக்கும் எளிய வகை போதும். பீப்பின் உயரத்தை உங்கள் கண்ணுக்கு வைத்துச் சரிசெய்யாமல் கடையைவிட்டு வெளியே வராதீர்கள்.

அம்பு எதுவானால் என்ன, நீளம் சரியாக இருந்தால் போதாதா?

போதாது. நாண் தள்ளும்போது அம்பு வளைந்து நிமிர்ந்துதான் பறக்கிறது. எவ்வளவு வளையும் என்பதை ஸ்பைன் எண் சொல்லும். 400 என்றால் குறிப்பிட்ட எடையைத் தொங்கவிட்டதும் அம்புத்தண்டு 0.400 அங்குலம் வளைந்தது என்று பொருள். எண் குறைந்தால் தண்டு விறைப்பு கூடும். உங்கள் பாரம், இழுநீளம், முனையின் எடை மூன்றையும் வைத்து அம்பு தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்து எடுங்கள்.

எடைக்கு ஒரு கீழெல்லை உண்டு: வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெய்ன். 60 பவுண்டு வில்லில் 300 கிரெய்னுக்குக் குறைந்த அம்பு வில்லையே கெடுக்கும். வேட்டைக்கு நான் சொல்வது 400-க்கு மேல்.

கடையில் வில்லை எடுத்துச் சும்மா இழுத்து விட்டுப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. அம்பில்லாமல் நாணை விட்டால் அம்பு எடுத்துப்போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே அடிக்கும். லிம்ப் பிளக்கலாம், நாண் கேமிலிருந்து துள்ளி வெளியே வரலாம், சில்லு முகத்தில் தெறிக்கலாம். பாரம் பார்க்க இழுப்பதானாலும் அம்பைப் பூட்டி, இலக்குக்கு நேராக நின்று இழுங்கள்.

பழைய வில் ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

நல்ல பழைய வில் மோசமான புது வில்லைவிட மேல். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ஒரு பஞ்சுருண்டையை லிம்புகளின் ஓரம் முழுக்க மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். இழை சிக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிளவு இருக்கும். சிக்கினால் வாங்காதீர்கள், பேரமும் பேசாதீர்கள். கேமின் விளிம்பில் வளைவோ நசுங்கலோ இருந்தால் முந்தைய பதிலில் சொன்ன விபத்து நடந்திருக்கலாம். அதையும் விட்டுவிடுங்கள்.

நாண் இழை பிரிந்திருந்தால் அது குறையல்ல, செலவு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்தான். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காம்பவுண்ட் நாணை மாற்ற லிம்புகளை அழுத்திப் பிடிக்கும் தனி இயந்திரம் வேண்டும், வீட்டில் முயலாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன் கேட்கவேண்டியது இழுநீளம். சில வில்களில் கேமில் உள்ள சிறு துண்டை நகர்த்தினாலே மாறும், சிலவற்றில் கேமையே மாற்ற வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய வில்லுக்கு அந்தத் துண்டு கிடைக்காமலே போகலாம். பொருந்தாத வில்லை மலிவு என்பதற்காக வாங்கி, அதற்கேற்ப உடம்பை வளைத்துப் பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் பெரிய செலவு.

என் மனைவியும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். ஒரே வில்லை இருவரும் வைத்துக்கொள்ள முடியுமா?

கற்றுக்கொள்ளும் முதல் மாதத்துக்கு முடியும், வேட்டைக்கு முடியாது. ஒவ்வொருவர் கைக்கும் இழுநீளம், பாரம், பீப் உயரம், சைட்டின் குறி என நான்கும் மாற்ற வேண்டும். மாற்றிய ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து குறி ஒப்புப் பார்க்க வேண்டும். அவருக்கும் ஒரு வில் வாங்குங்கள், இருவருமாகச் சேர்ந்து பழகுங்கள். பாரம் எவ்வளவு என்பதற்கு அவருக்கும் நாற்காலிதான் அளவுகோல்.

பயிற்சி முனையில் நடுவில் விழுகிற அம்பு, வேட்டை முனை போட்டதும் நாலு அங்குலம் இடதுபக்கம் போகிறது. தவறான வில்லை வாங்கிவிட்டேனா?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே நோவதற்கு வில்லும் இல்லை. பிராட்ஹெட் எனப்படும் வேட்டை முனையின் அலகுகள் காற்றைப் பிடிக்கும். அம்பு கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் பயிற்சி முனை அதை மறைத்துவிடும், அலகு காட்டிக்கொடுக்கும். முதலில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து வில்லைத் திருகுகிறீர்களா என்று பாருங்கள். பாதிப்பேருக்கு அங்கேயே சரியாகிவிடும்.

அதற்குப் பின்னும் விலகினால், வேட்டை முனை எந்தப் பக்கம் வரவேண்டுமோ அந்தப் பக்கம் ரெஸ்டை அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு நகர்த்தி மறுபடி எய்யுங்கள். இடதுபக்கம் போனால் வலதுபக்கம் நகர்த்தவேண்டும். இரண்டு முனைகளும் ஓரிடத்தில் சேரும்வரை இதைச் செய்துவிட்டு, கடைசியில் சைட்டைத் திருத்துங்கள். அம்பின் ஸ்பைன் தவறாக இருந்தால் எவ்வளவு நகர்த்தினாலும் சேராது, அப்போது அட்டவணைக்குத் திரும்புங்கள். இரண்டு முனைகளும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், 100 கிரெய்ன் என்றால் இரண்டும் 100.

இலக்குப் பலகையில் 40 கஜத்தில் எல்லா அம்பும் உள்ளங்கைக்குள் விழுகிறது. காட்டில் 40 கஜத்தில் எய்யலாமா?

எய்யாதீர்கள், முதல் ஆண்டில் நிச்சயமாக வேண்டாம். பலகை நகராது. மேலே சொன்ன கணக்குப்படி 40 கஜத்துக்கு உங்கள் அம்பு கிட்டத்தட்ட அரை வினாடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் மேய்ந்துகொண்டிருக்கும் மான் ஓர் அடி எடுத்து வைத்தாலே நுரையீரலுக்குப் போகவேண்டிய அம்பு வயிற்றில் பாயும். வயிற்றில் அம்பு வாங்கிய மானைத் தேட ஆறு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். முன்னதாகத் துரத்தினால் அது எழுந்து போய்க்கொண்டே இருக்கும், எங்கோ படுத்து நெடுநேரம் வேதனைப்பட்டுச் சாகும்.

உங்கள் எல்லையைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். வேட்டை உடையில், உட்கார்ந்த இடத்திலிருந்து, உடம்பு சூடேறுமுன் அன்றைய முதல் அம்பை மட்டும் எய்து அது எங்கே பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்படி இருபது நாள். அந்த இருபது முதல் அம்புகளும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் விழும் தூரம்தான் காட்டில் உங்கள் எல்லை. புதியவர்கள் பலருக்கு அது 20 கஜமாக வரும், ரிகர்வில் 15-ஆகவும் இருக்கலாம். மான் பக்கவாட்டிலோ, கொஞ்சம் விலகிப் பார்த்தபடியோ நிற்கும்போது மட்டும் எய்யுங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் எல்லை 30 கஜம். அதற்கு அப்பால் நிற்கும் மானை, அம்பை நாணில் பூட்டாமல், அது போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.